மன்னார்குடியில் கல் ஏன் தட்டவில்லை?

அன்புள்ள ஐயா,

போன மாதம் தோட்டத்தில் போர் போட்டோம். 30 அடியிலேயே பாறை. அப்புறம் 700 அடி வரை வெள்ளை மாவுதான் பறந்தது. அக்காவை மன்னார்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே 300 அடி இறக்கியும் கல்லே தட்டவில்லையாம். "உங்க ஊர்ல வெறும் கல்லுதான்" என்று மாமா கேலி செய்கிறார். அந்த மண்ணெல்லாம் காவிரி இங்கிருந்து கொண்டுபோனது என்கிறார்களே, ஒரு ஆறு அத்தனை ஆழத்தை நிரப்பிவிடுமா?

ஒரு வாசகர், பென்னாகரம்

அன்புள்ள நண்பருக்கு,

நம் பக்கத்துப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. தர்மபுரியைச் சுற்றியுள்ள கரிய சார்னோக்கைட், 20 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே வெந்து உருவான கல். அது இன்று வரப்போரம் தலைநீட்டுகிறது என்றால், மேலே இருந்ததெல்லாம் கரைந்து போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பழைய மலைத்தொடரின் அடிவேரில்தான் நாம் குடியிருக்கிறோம். கரைந்ததில் பெரும்பங்கு காவிரிக்கு வெகு முன்பே போய்விட்டது; மாமாவின் ஊருக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான்.

ஆறு எவ்வளவு மண் சுமந்தாலும் கொட்டுவதற்குக் குழி வேண்டும். மேட்டில் கொட்டினால் அடுத்த வெள்ளம் வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் குழி சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தது. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலம் பிளந்தபோது, நம் கிழக்கு ஓரம் இழுபட்டுப் பாளம் பாளமாக உடைந்தது. சில பாளங்கள் இறங்கின, சில அப்படியே நின்றன. இறங்கிய பள்ளங்களை ஆறும் கடலும் மாறி மாறி நிரப்பின. மண் சேரச் சேர அந்தப் பாரத்திலேயே தரை இன்னும் அமுங்க, மேலும் கொட்ட இடம் கிடைத்தது. சில இடங்களில் படிவு 5 கிலோமீட்டருக்கு மேல். அதற்கும் அடியில் இருப்பது நம் பாறையின் உறவுக்காரன்தான். 300 அடியில் தேடினால் எப்படித் தட்டும்? அரியலூரில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவம் கிடைப்பதும், நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் இந்தக் குழியின் புண்ணியம்.

கங்கைச் சமவெளியின் கதை வேறு. அங்கே இமயமலையின் பாரமே நிலத்தட்டை வளைத்துப் பள்ளமாக்கியது. குழி பறித்ததும் மலை, நிரப்ப மண் கொடுத்ததும் மலை.

காவேரிப்பட்டணம் போனால் தென்பெண்ணை மணலில் ஒரு பிடி அள்ளி வெயிலில் பாருங்கள். மினுக்குவது காக்காப்பொன். கண்ணாடித் துண்டுபோல இருப்பது வெங்கச்சங்கல். இளஞ்சிவப்பாக, விளிம்பு மழுங்காமல் சில துணுக்குகள் இருக்கும். அது பெல்ட்ஸ்பார், நம் கிரானைட்டுக்கு நிறம் தருவது. தண்ணீரில் ஊறி ஊறி அது களியாகிவிடும். வெங்கச்சங்கல் மட்டும் அசராமல் கடல் வரை மணலாகவே போகும். டெல்டாவில் களியும் மணலும் அடுக்கடுக்காக வருவது இதனால்தான். அங்கே அடி வரை பைப் இறக்காவிட்டால் மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். நமக்கு மேலே 30 அடி கேசிங் போதும்.

மாமாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து, ஒகேனக்கல்லைத் தாண்டும் வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. நம் சரக்கு இப்போது அவருக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

போர் விஷயம்: நம் பாறையில் தண்ணீர் நிற்பது மேலே உள்ள மொரம்பிலும் (உதிர்ந்துபோன பாறை) பாறை வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் இறுகிவிடும். இன்னும் 300 அடி இறக்கலாம் என்று லாரிக்காரர் சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.