சொந்தமா லினக்ஸ் டிஸ்ட்ரோ பண்ணி ஆட்கள்கிட்ட கொண்டு போறது எப்படி?

புதுசா ஒரு டெஸ்க்டாப் டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸோட தேவையான சாஃப்ட்வேர் எல்லாம் சேத்து இன்ஸ்டால் பண்ற மாதிரி குடுக்குற தொகுப்பு, பண்ணணும், எங்க தொடங்குறதுன்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்தையும் அடியில இருந்து நீங்களே கட்ட நினைக்காதீங்க. லினக்ஸ் மின்ட்ங்கிற டிஸ்ட்ரோவ பாருங்க, 2006ல ஆரம்பிச்சது, உபுண்டுங்கிற இன்னொரு டிஸ்ட்ரோ மேல உக்காந்து வளர்ந்துச்சு, அந்த உபுண்டுவே 1993ல தொடங்குன டெபியன் மேலதான் நிக்குது, அதனால பேக்கேஜ் (இன்ஸ்டால் பண்ண ரெடியா கட்டி வச்ச சாஃப்ட்வேர்), செக்யூரிட்டி அப்டேட்ல பெரும்பகுதி அங்கிருந்தே வந்துடும், உங்க நேரத்த யூசருக்கு எது வலிக்குதோ அதுல போடலாம்.

மின்ட் அதைத்தான் பண்ணுச்சு. அப்போ உபுண்டுல எம்பி3 கேக்கவே கோடெக் (பாட்டு, வீடியோ ஃபைல ஓட வைக்கிற சாஃப்ட்வேர்) தனியா போடணும், மின்ட்ல இன்ஸ்டால் பண்ணதும் பாட்டு ஓடும். 2011ல கினோம்ங்கிற டெஸ்க்டாப்போட (திரையில தெரியுற மெனு, பேனல், விண்டோ எல்லாம்) 3வது வெர்ஷன் வந்து பழைய மெனு, கீழ இருக்குற பேனல் எல்லாம் மாறுனப்போ நிறைய பேர் தவிச்சுப் போனாங்க, மின்ட் டீம் அதோட முகப்பான கினோம் ஷெல்ல ஃபோர்க் பண்ணி, அதாவது அந்தக் கோட எடுத்துத் தனியா மாத்தி, சின்னமன்ங்கிற சொந்த டெஸ்க்டாப்ப கொண்டு வந்தாங்க. என்னைக் கேட்டா அதைவிட பெரிய விளம்பரமே கிடையாது.

உபுண்டு 2011 வரைக்கும் கேட்டவங்க வீட்டுக்கே சிடி இலவசமா அனுப்புச்சு, பின்னாடி அத ஆரம்பிச்ச மார்க் ஷட்டில்வொர்த்தோட பணம் இருந்துச்சு. உங்களுக்கு லைவ் யூஎஸ்பி போதும், இன்ஸ்டால் பண்ணாம, டிஸ்க்கைத் தொடாம பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம்ல, வைஃபை, பிரிண்டர் வேலை செய்யுதான்னு அவங்களே பாத்துக்குவாங்க.

அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ்னு ஓடாதீங்க. மின்ட்டே 2014ல 17வது வெர்ஷன்ல இருந்து மெயின் எடிஷன உபுண்டு எல்டிஎஸ் (பல வருஷம் அப்டேட் கிடைக்கிற வெர்ஷன்) மேல மட்டும்தான் பண்றாங்க, சின்ன டீமுக்கு அதுதான் தாங்கும்.