பக்கத்து நாட்டில் ஆட்சி மாறினால் நம்ம பேப்பர் எப்படி எழுதுது? – கேள்வி பதில்

மூணாறு, மறையூர் வாசகர்களின் கேள்விகளுக்கு, நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் பதில் சொல்கிறார்.

அண்ணா, 2022 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி கோத்தபய விலகிட்டார்னு ஒரு பேப்பர், விலகலைன்னு இன்னொன்னு. எதை நம்புறது?

ரெண்டும் எப்ப அச்சானதுன்னு பாருங்க தம்பி. 13ஆம் தேதி விடியுறதுக்கு முன்னாடி மாலத்தீவுக்குப் போயிட்டார். அன்னைக்கே விலகுவார்னு எதிர்பார்த்தாங்க, கடிதம் வரல. 14ஆம் தேதி சிங்கப்பூர் போய்த்தான் மின்னஞ்சல்ல அனுப்பினார். 15ஆம் தேதி காலையில சபாநாயகர் அறிவிச்சார். போடிமெட்டு ஏறி நமக்கு வர்ற பிரதி ராத்திரி சீக்கிரமே அச்சாகிடும். நகரத்துப் பிரதியில தலைப்பை மாத்தியிருந்தாலும் நம்ம கைக்கு வராது. கடிதம் வந்து சேராம 'விலகினார்'னு போடவே கூடாதுன்னு நான் டெஸ்க்ல சண்டையே போட்டிருக்கேன்.

ஓமன் சுல்தான் காபூஸ் இறந்தப்ப மலையாளப் பேப்பர்ல அத்தனை செய்தி. தமிழ்ல அவ்வளவு இல்லையே சார்?

2020 ஜனவரி. கேரளத்துல எத்தனையோ வீட்டுக்கு மஸ்கட்ல இருந்துதான் பணம் வருது. புதுசா வந்த சுல்தான் ஹைதம் விசா சட்டத்தை மாத்துவாரான்னு அவங்களுக்குக் கவலை. அதுல தப்பே இல்ல.

வங்கதேசத்துல பிரதமர் ஹசீனாவுக்கு அப்புறம் யூனுஸ் பிரதமர் ஆனாரா?

இல்ல. 2024 ஆகஸ்ட் 8 அன்னைக்கு இடைக்கால அரசின் தலைமை ஆலோசகரா பதவியேத்தார்.

2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தல்ல அனுர குமார திசாநாயக்க ஜெயிச்சப்ப நுவரெலியா தேயிலைத் தோட்டத்துச் சனங்களைப் பத்தி ஒரு வரியும் காணோமே அண்ணா? நாங்களும் எஸ்டேட் ஆளுங்கதான்.

நியாயமான வருத்தம். இலங்கைன்னா யாழ்ப்பாணம், மீனவர் பிரச்சினை, கச்சத்தீவு, இந்த மூணோட நம்ம டெஸ்க் நின்னுடும். 2024 மே மாசம் 1,700 ரூபாய் தினக்கூலின்னு அரசாணை வந்து, கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. தேர்தல் நேரத்துல தோட்டத்துல அதுதான் பேச்சு. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தல்ல அனுர கட்சி 225ல 159 இடம் பிடிச்சது. மட்டக்களப்பு தவிர எல்லா மாவட்டத்துலயும் முதலிடம், நுவரெலியாவும் சேர்த்துத்தான். தோட்டத் தொழிற்சங்கக் கட்சிகள் வேரூன்றின மாவட்டம் அது. அங்க ஏன் ஓட்டு மாறுச்சுன்னு அந்த மாவட்டத்து ஹட்டன் ஊர்ல நின்னு ஒருத்தர் எழுதியிருக்கணும். கொழும்புல இருந்து வர்ற ஏஜென்சி செய்தியில அது கிடைக்காது. நிருபரை அனுப்பச் செலவாகும்னு சொல்வாங்க. அங்கேயே இருக்கிற தமிழ்ப் பத்திரிகையாளருக்கு ஒரு போன் போட என்ன செலவு? ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்க. உங்க எஸ்டேட் பேரைப் போட்டே எழுதுங்க. நான் இருந்த வரைக்கும் ஒவ்வொரு வாசகர் கடிதத்தையும் படிச்சிருக்கோம்.