பதில்: ரூம்மேட்டை விட்டுட்டு வெளிய ஓடி வந்தது சுயநலமா?

தீ விபத்துல ரூம்மேட் உள்ள மாட்டிக்கிட்டப்போ நான் மட்டும் வெளிய ஓடிட்டேன், அவன் முகத்துல முழிக்க முடியலனு எழுதியிருக்கீங்க. சுயநலம்லாம் இல்லங்க. தீயை விட புகைதான் ஆளை சாய்க்கும், அதுல இருக்குற கார்பன் மோனாக்சைடுன்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, திரும்ப உள்ள போய் நீங்களும் மயங்கி விழுந்திருந்தா ஃபயர் சர்வீஸ்காரங்க ரெண்டு பேரை தேடியிருக்கணும். ஃப்ளைட்ல 35,000 அடியில காத்தழுத்தம் போனா ஒரு நிமிஷம் கூட சுதாரிப்பு தாங்காது, அதான் ஆக்சிஜன் மாஸ்க்கை முதல்ல நீங்க போட்டுக்கோங்க, அப்புறம் அடுத்தவங்களுக்கு உதவுங்கன்றாங்க. வெளிய வந்து யார்கிட்டயும் சொல்லாம நின்னிருந்தா அது வேற விஷயம். நீங்க எந்த ரூம், எந்த ஜன்னல்னு கரெக்டா சொன்னீங்கல்ல, அத வச்சுதானே நேரா அங்க போய் தூக்கிட்டு வந்தாங்க! அவர் கோவமா இருந்தா இந்த நியாயமெல்லாம் இப்ப பேசாதீங்க, போய் பாருங்க, திட்டினா வாங்கிக்கோங்க.