வாத்துக் குஞ்சுகளைக் கொல்லும் ரைமெரெல்லா நோய்க்கு, எல்லாப் பண்ணைகளுக்கும் பொருந்தும் ஒரே தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

தடுப்பூசிகள் இருக்கின்றன. எங்கே போட்டாலும் பலிக்கும் ஒன்றுதான் இல்லை. கேட்டவர், "கிருமியை அடையாளம் கண்டு இத்தனை காலமாகியும் ஆராய்ச்சியாளர்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறார். பறவை நோய் ஆய்வகத்தில் வேலை செய்கிற எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் நியாயமான கேள்வி.

ரைமெரெல்லா அனாடிபெஸ்டிஃபர் என்பது கிருமியின் முழுப்பெயர். 1904-இல் ரைமர் என்பவர் கூஸ் வாத்துகளில் இந்த நோயை விவரித்தார். 1932-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்ட் வாத்துப் பண்ணைகளில் இது பதிவானது. பிறகு பாஸ்டுரெல்லா, மொராக்ஸெல்லா என்று பல பேரினங்களில் மாறி மாறிச் சேர்க்கப்பட்டு, 1993-இல்தான் தனிப் பேரினமாயிற்று. பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் எல்லாப் பெயர்களிலும் தேட வேண்டும் என்பது ஒரு தனித் தலைவலி.

ஏழெட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத்தான் இது பெரும்பாலும் தாக்குகிறது. ஐந்து வாரத்துக்கும் குறைந்தவை சீக்கிரம் சாகின்றன. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், பச்சையாகக் கழியும், தலை நடுங்கும். முற்றிய நிலையில் குஞ்சு மல்லாந்து விழுந்து கால்களைத் துடுப்புப் போல அடிக்கும். இறப்பு 5 சதவீதத்திலும் நிற்கலாம், 75 சதவீதம் வரையும் போகலாம். வான்கோழி, கூஸ் வாத்து போன்றவற்றுக்கும் வரும், கோழிகளில் அபூர்வம்.

இனி தடுப்பூசிக்கு வருகிறேன். இந்தக் கிருமியில் குறைந்தது 21 சீரோடைப்புகள், அதாவது மேற்பரப்பை வைத்துப் பிரிக்கும் உள்வகைகள், அடையாளம் காணப்பட்டுள்ளன. கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வகைக்கு வகை மாறுகின்றன. வாத்தின் உடல் அடையாளம் கண்டு எதிர்ப்பதும் முக்கியமாக அவற்றைத்தான். அதனால் ஒன்றாம் வகைக் கிருமியைக் கொன்று செய்த ஊசி, இரண்டாம் வகை வந்தால் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. சீனாவில் 1, 2, 10 ஆகிய வகைகள் அதிகம். அமெரிக்காவில் 1, 2, 5 ஆகியவற்றை வலுவிழக்கச் செய்து உயிருள்ள தடுப்பு மருந்து உருவாக்கினார்கள். அதை ஊசியாகக் குத்த வேண்டியதில்லை. பிறந்த முதல் நாளிலேயே தெளிப்பாகவோ குடிநீரிலோ கொடுத்துவிடலாம். என் கணக்கில் இந்த நோய்க்காக நடந்த வேலைகளில் மிகவும் உருப்படியானது அதுதான். ஆனால் அதே மருந்தை 10-ஆம் வகை பரவியிருக்கும் பண்ணைக்குக் கொண்டுபோனால் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. ஒரே பண்ணையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதும், காலப்போக்கில் ஆதிக்க வகை மாறிவிடுவதும் உண்டு.

அப்படியானால் எல்லா வகைகளுக்கும் பொதுவான ஏதாவதொரு புரதத்தைப் பிடிக்கக் கூடாதா என்று தோன்றும். அதைத்தான் பலர் முயன்று வருகிறார்கள். வெளிச்சவ்வில் உள்ள ஓம்ப்-ஏ என்ற புரதம் வகைகளுக்கிடையே பெரிதும் ஒத்திருக்கிறது, எதிரணுக்களையும் (ஆன்டிபாடிகள்) நன்றாகத் தூண்டுகிறது. ஆனால் எதிரணு உண்டாவது ஒன்று, குஞ்சு பிழைப்பது வேறொன்று. சோதனைக் குழாயில் அழகான முடிவு காட்டும் ஒரு புரதம், குஞ்சுகளுக்கு உண்மையான கிருமியைச் செலுத்திப் பார்க்கும்போது ஏமாற்றிவிடுவது இந்தத் துறையில் பழகிப்போன சங்கதி. தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், அந்தக் கடைசிச் சோதனை நடந்ததா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

வயது இன்னொரு சிக்கல். தாய் வாத்துக்கு ஊசி போட்டால் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் பாதுகாப்பு இரண்டு மூன்று வாரங்களில் தேய்ந்துவிடும். ஆபத்தான காலமோ அதற்குப் பிறகும் நீள்கிறது.

ஆன்டிபயாடிக் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கிருமிக்குச் சுற்றுப்புறத்தில் கிடக்கும் டிஎன்ஏ துண்டுகளை உள்ளே இழுத்துத் தனதாக்கிக்கொள்ளும் இயல்பான திறன் உண்டு என்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களும் அப்படி வந்து சேரலாம் என்பதால், பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காத கிருமிகள் வாத்துப் பண்ணைகளிலிருந்து தொடர்ந்து கிடைப்பதில் வியப்பில்லை. டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகளைச் சிதைக்கும் டெட்-எக்ஸ் மரபணுவும் இதில் காணப்பட்டிருக்கிறது. சோதிக்காமல் கையில் கிடைத்த மருந்தைக் குடிநீரில் கலப்பது நோயை வளர்க்கும் வேலை.

இதையெல்லாம் விட அதிகம் தடுக்கி விழும் இடம் நோயைக் கண்டறிவதுதான். இறந்த குஞ்சைத் திறந்தால் இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் வெண்மையான ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப் புரதம்) படலம் தெரியும். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் தொற்றிலும் அச்சு அசலாக அதே காட்சிதான். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் பாதி நேரம் தவறு. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் மெக்கான்கி என்ற ஊடகத்தில் ஈ. கோலை வளரும், ரைமெரெல்லா வளராது. அதற்கு ரத்தம் கலந்த ஊடகமும் கரியமில வாயு சற்றுக் கூடுதலான காற்றும் வேண்டும். மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைக்கும் பழைய முறையே போதும். மெக்கான்கி தட்டை மட்டும் பார்த்து "கிருமி எதுவும் இல்லை" என்று அறிக்கை கொடுத்தால், ரைமெரெல்லா கணக்கிலேயே வராமல் போய்விடும்.

ஆகவே பண்ணை வைத்திருப்பவர் நீங்கள் என்றால், புதிய தடுப்பூசிக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து கொடுப்பதற்கு முன்பே, அப்போதுதான் இறந்த குஞ்சுகளைக் குளிர்ச்சியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மூளையிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ரைமெரெல்லா என்று உறுதியானால் எந்த சீரோடைப், எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தடுப்பூசி உங்களுக்குப் பயன்படும் என்பதை அந்த முதல் விடைதான் முடிவு செய்யும்.