காமராஜர் மாதிரி இன்று ஒருவரும் இல்லை என்று ஏன் தோன்றுகிறது?

இதைப் பொற்கால மயக்கம் எனலாம். போன காலத்தின் நல்லது மட்டும் நினைவில் தங்கி, அன்றைய சலிப்பும் சண்டையும் உதிர்ந்துபோவதுதான் அது.

காரணம் எளிது. பழைய தலைவரின் முடிவுகள் என்ன பலன் தந்தன என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. இன்றைய தலைவரையோ காலைச் செய்தியில் அரைகுறையாகப் பார்க்கிறோம். கல்யாண ஆல்பத்தில் பந்தியில் நடந்த சண்டை இருக்காது அல்லவா? அப்படித்தான்.

காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் 1963 வரை முதல்வர். மூடப்பட்ட பள்ளிகளைத் திறந்தவர், மதிய உணவு தந்தவர், கட்சிப் பணிக்காகப் பதவியை விட்டு இறங்கியவர். அதே மனிதரை 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே மக்கள் தோற்கடித்தார்கள். ஜெயித்தவர் திமுகவின் பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் காங்கிரஸ் மீது அவ்வளவு கோபத்தைக் கிளப்பியிருந்தன. இன்று மேடைக்கு மேடை அவரைப் புகழ்கிறவர்கள் இந்தத் தோல்வியை அவ்வளவாகப் பேசுவதில்லை. (அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் வீட்டிலும் இப்போது அவர் படம் தொங்கலாம்!)

ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் ஆளை விட்டுவிட்டு வேலையை ஒப்பிடுங்கள்: கையில் இருந்த பணத்தில் எத்தனை பள்ளி, என்ன தரம் என்று.

அப்புறம், மயக்கம் என்றதும் காமராஜரின் நேர்மை வெறும் கதை என்றோ, இன்றைய ஊழலுக்கு மன்னிப்பு உண்டு என்றோ சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டுமே தவறு.