இரண்டு பாடத்திட்டமும் ஒன்றாக நடக்குமா?

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் இந்த ஆண்டு முதல் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசக் கல்வி அமைப்பின் பிஒய்பி (பிரைமரி இயர்ஸ் புரோகிராம்) என்ற தொடக்கக் கல்வி முறையையும் அரசுப் பாடத்திட்டத்தையும் சேர்த்து நடத்துகிறார்கள். எப்போதும் ப்ராஜெக்ட், சார்ட் என்றே இருக்கிறாள், வாய்ப்பாடு கேட்டால் தடுமாறுகிறாள். இரண்டையும் கலக்கப்போய் எதுவுமே உருப்படியாக இல்லாமல் போய்விடுமோ?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான், அப்படி ஆன பள்ளிகளும் உண்டு. ஆனால் கலப்பதால் மட்டும் அது வருவதில்லை, எப்படிக் கலக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐபி அமைப்பு 1968-இல் ஜெனிவாவில் தொடங்கியது. 3 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பிஒய்பி 1997-இல் வந்தது. அதில் 'மூன்றாம் வகுப்புக்கு இந்தப் பாடங்கள்' என்று கட்டாயப் புத்தகம் எதுவும் கிடையாது. 'நாம் யார்', 'உலகம் எப்படி இயங்குகிறது', 'பூமியைப் பகிர்ந்து வாழ்தல்' என்பதுபோல் ஆறு பெரிய கருப்பொருள்களும், குழந்தையைக் கேள்வி கேட்க வைத்து நடத்தும் முறையும்தான் உண்டு. அதற்குள் என்ன பாடம் வைப்பது என்பதைப் பள்ளி முடிவு செய்யலாம், அது அரசுப் பாடமாகவே இருக்கலாம்.

நீர் சுழற்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள், இன்னொன்றை நிழலில் வைக்கிறார்கள், எது முதலில் வற்றும் என்று குழந்தைகள் ஊகித்து, அளந்து, 'அந்தத் தண்ணீர் எங்கே போச்சு?' என்று அவர்களே கேட்ட பிறகு புத்தகத்தைத் திறக்கிறார்கள். ஆவியாதல் பற்றிய அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள், ஆனால் இப்போது அது அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வருகிறது.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், காலையில் புத்தகம், மதியம் ப்ராஜெக்ட் என்று இரண்டு தனி வண்டிகளாக ஓட்டும்போது. ஒரே விஷயத்தை இரண்டு முறை செய்து குழந்தை களைத்துப்போகும், ஆசிரியருக்கும் நேரம் போதாது. இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது: எல்லாவற்றையும் கருப்பொருளுக்குள் திணிப்பது. வாய்ப்பாடு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவது, சரளமாக வாசிப்பது எல்லாம் தினசரிப் பழக்கத்தில் வருபவை, தேடலில் மட்டும் வந்துவிடாது. பிஒய்பி-யே இவற்றைத் தனி வகுப்பாக நடத்த இடம் கொடுக்கிறது. அதனால் 'எங்கள் முறையில் வாய்ப்பாடு கிடையாது' என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மூன்றாம் வகுப்பின் ஆண்டுத் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பக்கத்தில் அரசுப் பாடத்தின் எந்தப் பகுதி வருகிறது என்று எழுதியிருக்க வேண்டும், எதிலும் பொருந்தாத பாடங்கள் எந்த நேரத்தில் நடக்கின்றன என்பதும் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட வாரத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அந்த நேரம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல திட்டமும் சுவரில் ஒட்டிய சார்ட்டாகவே நின்றுவிடும்.

அப்புறம் தேர்வு. பிஒய்பி-யில் பொதுத்தேர்வு இல்லை, கடைசி ஆண்டில் குழந்தைகள் தாங்களே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து கண்காட்சியாக வைப்பார்கள். பிறகு உங்கள் மகள் அரசுப் பாடத்திட்டப் பள்ளிக்கு மாறப்போகிறாள் என்றால், நேரம் வைத்து எழுதும் பழக்கத்தை எந்த வகுப்பில் தொடங்குவார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை பள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம், தினம் பத்து நிமிடம் வீட்டிலேயே சொல்ல வையுங்கள்.