புரதம் தன் இடம் சேரும் வழி: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): உயிரணுச் சவ்வில் உள்ள கடத்துப் புரதங்கள் எங்கே உருவாகின்றன, ஐயா? அவை தம் இடத்தை எப்படி அடைகின்றன?

பதில்: உயிரணுவில் புரதம் செய்யும் துகளான ரைபோசோம் புரதத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள அடையாளத் தொடர் அதை எண்டோபிளாச வலை என்ற உள்சவ்வு வலைப்பின்னலின் சவ்வுக்கு இட்டுச் செல்கிறது, அங்கே பதிந்து, சரியாக மடிந்த பிறகே அது நுண்பைகள் என்ற சிறு சவ்வுப் பைகளில் ஏறி, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உடலத்துக்குப் போகிறது. இத்தகைய அடையாளங்களைக் கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999இல் நோபெல் பரிசு பெற்றார். எது மேற்பரப்புக்கு, எது உயிரணுவின் செரிப்புப் பையான லைசோசோமுக்கு என்ற பிரிப்பு பெரும்பாலும் கோல்கையின் கடைசி அடுக்கில் நடக்கிறது. ஆனால் மகளே, பாடம் அங்கே முடிந்துவிடவில்லை. மேற்பரப்பை அடைந்த புரதமும் உள்ளே திரும்பி வரும், மீண்டும் வெளியே போகும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி): எனக்கு இனிப்புநீர் இருக்கிறது. மாத்திரையைக் கூட்டாமலே, மாலையில் லயத்தைச் சுற்றி நடந்தால் சர்க்கரை இறங்குகிறதே, எப்படி ஐயா?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. தசையணுவுக்குள் குளுக்கோசை அனுமதிக்கும் குளூட் 4 என்ற புரதம், இன்சுலின் குறைவாக இருக்கும்போது பெரும்பாலும் நுண்பைகளில் உள்ளேயே காத்திருக்கிறது. அணுவின் மேற்பரப்பில் உள்ள தன் ஏற்பிப் புரதத்தை இன்சுலின் தொட்டதும் ஏக்டி என்ற நொதி தூண்டப்பட்டு, அந்த நுண்பைகளைப் பிடித்துவைத்திருந்த தடை விலகுகிறது. அவை சவ்வுடன் இணைய, சில நிமிடங்களில் குளூட் 4 மேற்பரப்பில் நிற்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் தசையில் இப்புரதத்தின் அளவு பெரிதாகக் குறைவதில்லை, அதை வெளியே அனுப்பும் இன்சுலினின் கட்டளைதான் வலுவிழக்கிறது. தசை சுருங்கும்போதோ, இன்சுலினைச் சாராத வேறொரு வழியாகவும் குளூட் 4 மேலே வருகிறது. அந்த வழி நோயாளிகளிடமும் பெருமளவு பழுதில்லாமல் இருப்பதால்தான் உங்கள் நடை பலன் தருகிறது. மருந்துக்கு நடை மாற்று அன்று. இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிளினிக் உதவியாளர்): நுண்பை எந்தச் சவ்வுடன் இணைய வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

பதில்: ராப் புரதங்கள் இடத்தை அடையாளம் காட்ட, நுண்பையிலும் இலக்குச் சவ்விலும் உள்ள ஸ்னேர் புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் நெருக்கி இணைக்கின்றன. இந்தப் போக்குவரத்தை விளக்கியதற்காக ராத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவரும் 2013இல் நோபெல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

கேள்வி (செம்பனைக் குலை வெட்டுபவர்): வெயிலில் வேலை செய்த நாளில் சிறுநீர் குறைந்து மஞ்சளாகிறது. இதிலும் புரதத்துக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு, தம்பி. உடலில் நீர் குறையும்போது சுரக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன், சிறுநீரகச் சேகரிப்புக் குழாய் அணுக்களில் அக்குவாபோரின் 2 என்ற நீர்வழிப் புரதத்தை நுண்பையிலிருந்து குழாயின் உட்புறச் சவ்வுக்குக் கொண்டுவருகிறது. நீர் உடலுக்குத் திரும்பி, சிறுநீர் அடர்த்தியாகிறது. போதிய நீர் குடித்ததும் அப்புரதம் மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது.

கேள்வி (மாணவியின் தந்தை): வழியிலேயே புரதம் நின்றுவிட்டால்?

பதில்: நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோய் அதற்குச் சான்று. மிகப் பரவலான மரபுப் பிழையில், 508ஆம் இடத்தில் ஃபினைலலனின் என்ற அமினோ அமிலம் இல்லாததால் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வழிப் புரதம் தவறாக மடிகிறது. எண்டோபிளாச வலை அதைத் தடுத்து, அழித்துவிடுகிறது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டில், இரண்டு அப்புரதத்தை மடித்து மேற்பரப்புக்கு அனுப்ப உதவுகின்றன, மூன்றாவது அங்கே அதன் வாயிலைத் திறந்திருக்கச் செய்கிறது.